சீட்டுப் பார்த்தல்

டாரட் சீட்டுகள் எதிர்காலத்தைச் சொல்லமாட்டா என்று நிரூபிக்க ஒரு கட்டுரை தேவையில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சிலருக்கு நிச்சயம் தேவையில்லை. என் பிரச்னை வேறு. எதையும் முன்கூட்டிச் சொல்லாது என்று தெரிந்தே, நாளைக்கு ஒரு சீட்டு வீதம் எட்டு மாதம் நான் பார்த்துவந்தேன். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அது ஒரு கருவி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்ததில் 'தான்' எதுவும் பெரிதாகத் தென்படவில்லை. தென்பட்டது நான் படிக்கிற விதம். அது மெச்சும்படியாக இல்லை. விமர்சனம் எழுதுகிறவன் என்ற முறையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

1

கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்களில் பலர் டாரட்டை முதலில் சந்திப்பது எலியட்டின் 'பாழ்நில'த்தில் (1922). மேடம் ஸொஸொஸ்ட்ரிஸ் என்ற ஜோசியக்காரி ஜலதோஷத்தோடு உட்கார்ந்து சீட்டுப் போடுகிறாள். மூழ்கிப்போன ஃபினீஷிய மாலுமி, பெல்லடோனா, மூன்று கோல் பிடித்தவன், சக்கரம், ஒற்றைக்கண் வியாபாரி என்று வரிசையாக வருகின்றன. பரீட்சையில் மூழ்கிய மாலுமிச் சீட்டின் 'மறைபொருளை' ஒன்றரைப் பக்கம் விளக்கி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

பல வருஷம் கழித்து, கையில் ஒரு நிஜமான கட்டு வந்தபோது, 78 சீட்டையும் தரையில் பரப்பி அந்த மாலுமியைத் தேடினேன். இல்லை. ஒற்றைக்கண் வியாபாரி இல்லை. பெல்லடோனாவும் இல்லை. எலியட் ஒளித்து வைத்த ரகசியமல்ல இது. கவிதைக்கு அவரே எழுதிய குறிப்பில், சீட்டுக்கட்டின் சரியான அமைப்பு தமக்குத் தெரியாது, தம் சௌகரியத்துக்கு மாற்றிக்கொண்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று கோல் பிடித்தவனை மீனரசனோடு இணைத்ததும் தம் இஷ்டப்படிதான் என்கிறார். 1956-இல் விமர்சனத்தின் எல்லைகளைப் பற்றி மின்னஸோட்டாவில் பேசியபோது, அந்தக் குறிப்புகள் பலரை டாரட்டின் பின்னாலும் புனிதக் கிண்ணத்தின் பின்னாலும் வீணாக அலைய வைத்துவிட்டன என்று வருந்தினார்.

இல்லாத சீட்டுக்கு நான் பொருள் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண்ணும் கிடைத்திருக்கிறது. கட்டுரையின் மற்ற பகுதிகள் இதன் விரிவுதான்.

2

டாரட்டின் சரித்திரத்தை விமர்சகர்களுக்குப் பாடமாக வைக்கலாம். 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், ஆடுவதற்காகப் பிறந்த சீட்டு அது. ஃபெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் 1442-ஆம் வருஷத்துக் கணக்கேட்டில், இந்தச் சீட்டுகளை வரைந்த ஓவியனுக்குக் கொடுத்த தொகை பதிவாகியிருக்கிறது. எந்த மர்மத்துக்கும் முன்னால் ஒரு பற்றுச் சீட்டு இருந்திருக்கிறது என்பது என் தொழிலுக்கு ஆறுதல். நான்கு வகையாக 56 சீட்டு, துருப்பாக 21 படச் சீட்டு, 'மூடன்' ஒன்று. ஆக 78. இருபத்தெட்டு ஆடத் தெரிந்த எவருக்கும் இதன் தர்க்கம் அரைமணியில் பிடிபடும். ஃபிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் ஆடுகிறார்கள்.

1781-இல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்ற அறிஞர் இவை எகிப்தின் புராதன ஞான நூல் என்று அறிவித்தார். எகிப்தின் சித்திர எழுத்தை அப்போது யாராலும் படிக்க முடியாது. ஷாம்போலியோன் அதை உடைத்தது 1822-இல். படிக்க முடியாத எழுத்தின்மேல் எந்தப் பொருளையும் ஏற்றலாம், மறுக்க ஆளிருக்காது. நான்கு வருஷத்தில், 1785-இல், எத்தேய்யா என்பவர் சீட்டை வைத்துக் குறி சொல்லப் புத்தகமே போட்டுவிட்டார். அடுத்த நூற்றாண்டில் எலிஃபாஸ் லெவி 22 படச் சீட்டுக்கும் ஹீப்ரூவின் 22 எழுத்துக்கும் முடிச்சுப் போட்டார். பிறகு லண்டனில் ரகசிய சங்கம், அதில் யேட்ஸ். ஃப்ரெகேயின் தர்க்கத்தைப் பற்றி எழுதிய ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி, 18-ஆம் நூற்றாண்டின் இந்தக் கற்பனைக்கு முன்னால் டாரட் அடிப்படையில் ஓர் ஆட்டமாகவே இருந்தது என்று சான்றுகளோடு காட்டினார்.

இதில் ஏமாற்றுக்காரர்கள் மட்டும் இருந்திருந்தால் விஷயம் சுலபம். ஜெபலின் ஏமாற்றவில்லை. அவருக்கு உண்மையாகவே எகிப்து தெரிந்தது. படம் அவர் கண்முன் இருந்தது. அதற்கு முன்னாலேயே பொருள் வந்துவிட்டது. குறளை ஒவ்வொரு சமயத்தாரும் தமது என்று நிறுவிய கதை தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இருக்கக்கூடாது.

3

இப்போது கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் கட்டு 1909-இல் லண்டனில் வந்தது. திட்டம் ஏ. ஈ. வெய்ட்டுடையது. பதிப்பாளர் பெயர் ரைடர். வெகுகாலம் இந்த இரண்டு பெயர்களால்தான் அது அறியப்பட்டது. படம் போட்டவர் பமீலா கோல்மன் ஸ்மித் (1878–1951). நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸின் கூடத்தில் 1907-இல் கண்காட்சி வைத்தவர். சீட்டு வேலை முடிந்தபோது, பெரிய வேலை, சொற்பப் பணம் என்று ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். கடைசிக் காலத்தில் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். தலைமுறை தலைமுறையாக உலகம் பார்த்துவரும் படங்கள் அவருடையவை.

ஸ்மித்துக்கு முன் பெரும்பாலான கட்டுகளில் படச் சீட்டுகளில்தான் காட்சி உண்டு. கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பை, வாள் ஏழு என்றால் ஏழு வாள், அவ்வளவுதான். 15-ஆம் நூற்றாண்டின் ஸோலா புஸ்கா கட்டு போன்ற விதிவிலக்குகள் குறைவு. ஸ்மித் அந்த நாற்பது எண் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களைக் கொண்டுவந்தார். கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வைக்காரன் ஒருவன் தலை குனிந்து நிற்கிறான். காசு ஆறில் வியாபாரி ஒருவன் ஒரு கையில் தராசு பிடித்து மறு கையால் காசு போடுகிறான். இரண்டு பேர் மண்டியிட்டு இருக்கிறார்கள். என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று படம் சொல்வதில்லை. நடுவில் நிறுத்திய கதைகள்.

டாரட்டைத் தன்னாய்வுக்குத் திருப்பியது இந்தப் படங்களால்தான் சாத்தியமாயிற்று என்பது என் கட்சி. ரேச்சல் பொல்லாக்கின் புத்தகம் (1980, 1983), தனக்குத் தானே சீட்டுப் பார்க்கப் பயிற்சி நோட்டு வடிவில் மேரி கிரியர் எழுதியது (1984) ஆகியவற்றோடு இந்தத் திருப்பம் நிலைபெற்றது. 'எனக்கு என்ன நடக்கும்' என்ற கேள்வி 'நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்' என்று மாறியது. யுங்கை எல்லோரும் துணைக்கு அழைக்கிறார்கள். யுங் டாரட்டைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம்.

கால்வினோவையும் சொல்ல வேண்டும். 1973-இல் வந்த அவருடைய புத்தகத்தில், காட்டைக் கடந்து வந்து பேச்சிழந்தவர்கள் மேஜைமேல் சீட்டை அடுக்கித் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஒருவன் கதையில் காதலாக இருந்த சீட்டு இன்னொருவன் கதையில் கொலையாகிறது. சீட்டுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, பக்கத்துச் சீட்டுதான் பொருளைத் தருகிறது. கதைக்காரனுக்கு இந்த இளக்கம் செல்வம். தன்னைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தவனுக்கு இதுதான் ஆபத்து. என்ன சீட்டு வந்தாலும் அவன் ஏற்கெனவே வைத்திருக்கும் கதைக்குள் அதைப் பொருத்திவிடலாம்.

4

கட்டைக் கொடுத்தவர் ஓர் ஓவிய நண்பர். முறையையும் அவர்தான் சொன்னார். காலையில் கலைத்து ஒரு சீட்டை எடு, 'நடக்குமா' என்று கேட்காதே, 'எதைப் பார்க்காமல் விடுகிறேன்' என்று கேள், நோட்டில் எழுது, அர்த்தப் புத்தகத்தைக் கடைசியில் திற. நான் புத்தகத்தை முதலில் திறந்தேன். படித்தவன் அல்லவா.

தற்செயலாக வரும் சீட்டு எதற்கு, நாமே ஒரு படத்தைத் தேர்ந்து யோசிக்கக்கூடாதா என்று கேட்கலாம். நாமே தேர்ந்தால் நமக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குவோம். சொல்லிவிட்டு வரும் தணிக்கைக்கும் சொல்லாமல் வரும் தணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் வங்கியில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். சீட்டுக்கு ஞானம் கிடையாது. என் ஏற்பாடு அதற்குத் தெரியாது என்பதுதான் அதன் தகுதி. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதிலிருந்து இது வேறுபடுவது இங்கே. பூ முடிவைச் சொல்லிவிடும். சீட்டு யோசனையை வேறிடத்தில் தொடங்கச் சொல்லும், அத்தோடு சரி.

முதல் சில வாரங்கள் பிரமிப்பாக இருந்தது. எல்லாச் சீட்டும் என்னைப் பற்றியே பேசின. இந்தப் பிரமிப்பின் விலை என்ன என்பதை உளவியலார் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, தனித்தனியே தயாரித்த குணவிவரம் என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். பெரும்பகுதி வாக்கியங்கள் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்தில் எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. கிளி எடுத்துத் தரும் படத்துக்குப் பாட்டுப் பாடுகிற ஜோசியர் தெரிந்துவைத்திருப்பதும் இதைத்தான். ஆனால் அங்கே எதிரில் இன்னொரு மனிதன் இருக்கிறான். கேட்பவனின் முகத்தைப் பார்க்கிறான், வேண்டுமானால் சந்தேகப்படுகிறான். தனக்குத் தானே பார்ப்பவனுக்குக் கிளியும் தானே, ஜோசியரும் தானே, காசு கொடுப்பவனும் தானே.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை முதலிலிருந்து படித்தேன். குமாஸ்தா புத்தியில் எண்ணவும் செய்தேன். 61 பதிவு. 'தனிமை' 23 இடத்தில். 'இழப்பு' 14. 'நிச்சயமின்மை' 11. படத்தில் என்ன இருக்கிறது என்ற வர்ணனை ஒன்றுகூட இல்லை. படத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அதில் நான் ஒருவனே இருந்தேன். மற்றவர்கள் எனக்கு நேர்ந்தவற்றின் சின்னங்களாக நின்றார்கள்.

கோப்பை ஐந்தை எடுத்து மறுபடி பார்த்தேன். மூன்று தடவை வந்த சீட்டு. மூன்று தடவையும் 'இழப்பு' என்று எழுதியிருந்தேன். மூன்று கோப்பை கவிழ்ந்து கிடப்பது தெரியும். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பை நிமிர்ந்து நிற்கின்றன. அப்பால் ஆறு. ஆற்றின்மேல் ஒரு பாலம். அக்கரையில் ஒரு கோட்டை வீடு. பாலத்தை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டு கோப்பை மிச்சம் என்பதால் நம்பிக்கை கொள்க என்று உபதேசிக்க இதைச் சொல்லவில்லை. அது புத்தகத்திலேயே இருக்கிறது. போர்வைக்காரன் பார்க்காததை நானும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்காவது அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு நேர் எதிரில் இருந்தது.

காசு ஆறில் கொடுப்பவன், வாங்குபவன் இருவரில் நான் யார் என்று பக்கம் பக்கமாக யோசித்திருந்தேன். மண்டியிட்டவர்கள் இரண்டு பேர். காசு விழுவது ஒருவன் கையில்தான். மற்றவன் வெறுமனே காத்திருக்கிறான். அவனை நான் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. எட்டு மணிநேரம் கவுண்ட்டரில் உட்கார்ந்து, எதிரே காத்து நிற்பவர்களைப் பார்க்காமல் இருப்பதில் நான் தேர்ந்தவன்தான்.

5

இதுவரை சொன்னது என்னோடு போயிருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நண்பரின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். பெயர் வேண்டாம். படிப்பவர்களில் சிலருக்குத் தெரியும். பழகிப்போன படிமங்கள், தேய்ந்த குறியீடுகள் என்பது என் தீர்ப்பு. உதாரணமாக எடுத்துக்கொண்டது ஒரு கிணற்றுக் கவிதை. கயிறு உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளத்தைப் பற்றியது. 'காலம் அறுத்த கல் என்ற படிமத்தை எத்தனை பேர்தான் எழுதுவார்கள்' என்று கேட்டிருந்தேன். நண்பர் பதில் எழுதவில்லை. பிறகு கவிதையும் எழுதவில்லை. இரண்டாவதற்கு நான்தான் காரணம் என்று சொன்னால் அது ஒருவகைக் கர்வம். காரணங்களில் ஒன்று என்றாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோட்டை மூடிய அதே வாரம் அந்தத் தொகுப்பை எடுத்தேன். சீட்டைப் பார்க்கப் பழகியதுபோல, பொருள் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டு, என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு தாளில் எழுதினேன். கிணறு. கிணற்றின் குறுக்கே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல். இரண்டு கல்லிலும் பள்ளம். ஒன்றில் பாசி பிடித்திருக்கிறது. ஒன்று ஈரமாக, வழவழப்பாக இருக்கிறது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு கிணற்றின் நடுவே சுவர் எழுப்பிய வீடுகளை நான் பார்த்ததில்லையா? என் தாத்தா ஊரிலேயே இருந்தது. கவிதையில் காலம் இல்லை. இரண்டு வீடு இருக்கிறது. ஒரு வீட்டில் இப்போது யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. ஏன் என்று கவிதை சொல்லவில்லை. போனவர்கள் எங்கே என்றும் சொல்லவில்லை. பாசியை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கல்லைப் பார்த்ததும் 'காலம்' என்று என் கை எழுதிவிட்டது. சுவர் பதினான்கு வரிக் கவிதையில் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. பாலம் போலவே.

மூழ்கிய மாலுமியை இல்லாத இடத்தில் பார்த்தவன், இருந்த சுவரைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே குற்றம்.

6

முற்போக்கு நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தன்னைத் தானே துருவிக்கொள்வது மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, சீட்டுக்கட்டும் அதற்கான சந்தைச் சரக்கு என்றார். பாதி சரி. சரக்கு என்பதில் சந்தேகமில்லை. முதல் இரண்டு மாதத்து என் நோட்டைப் பார்த்தால் மறுபாதியும் சரி. ஆனால் அந்த நோட்டின் குறை நான் என்னைப் பார்த்தது அல்ல. என்னை மட்டும் பார்த்தது. அதைக் கண்டுபிடித்தது தத்துவம் அல்ல, படத்தில் கிடந்த ஒரு பாலமும் காத்திருந்த ஒரு பிச்சைக்காரனும். பொருளாக மாற மறுத்து அங்கேயே கிடக்கும் விவரங்கள் எந்த நல்ல படத்திலும் உண்டு. தன்னாய்வு என்று ஏதாவது இருந்தால் அது அந்த விவரங்களில் இடித்துக்கொள்ளும்போது நேர்வது.

ஆகவே டாரட் கற்க விரும்பும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது குறைவு. முதல் பத்து நிமிஷம் பெயர்ச்சொல், வினைச்சொல் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம். படத்தில் உள்ள ஒவ்வொருவராகவும் நின்று பாருங்கள். முக்கியமாக, நிற்க விரும்பாத ஆளாக. எல்லாம் பொருந்துகிறது என்று தோன்றினால் ஃபோரரின் 39 மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாமல் எது உறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொண்டு பிறகு புத்தகத்தைத் திறவுங்கள். திறக்காவிட்டாலும் நஷ்டமில்லை. நிஜமான துயரத்தில் இருப்பவர் சீட்டை வைத்துவிட்டு ஒரு மனிதரிடம் போக வேண்டும். சீட்டு திருப்பிப் பேசாது.

இந்த விதிகளில் சீட்டு என்ற இடத்தில் கவிதை என்று போட்டுக்கொண்டால் நம் விமர்சனத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஒழுக்கம் கிடைக்கும். படிமம், குறியீடு, தளம், பரிமாணம் என்ற சொற்கள் நம் கையில் அர்த்தப் புத்தகமாகிவிட்டன. கவிதையைத் திறப்பதற்கு முன் அதைத் திறந்துவிடுகிறோம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எனக்குத்தான் முதலில்.

எங்கள் வங்கியில் தவறாகப் போட்ட பதிவை அழிக்க அனுமதி கிடையாது. தவறு ஏட்டில் அப்படியே இருக்கும். கண்டுபிடித்த தேதியில் அதற்கு எதிர்ப்பதிவு ஒன்றைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கிணற்றுக் கவிதை நல்ல கவிதை. அதைப் பற்றி நான் எழுதியது தவறு. தொகுப்பின் மற்றக் கவிதைகளை இன்னும் இந்த முறையில் படித்து முடிக்கவில்லை. முடித்ததும் எழுதுகிறேன்.